பின்சீட்டில் என்ன ஏற்றியிருந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் வந்த புஷ் ஃப்ளையிங் (சாலை போகாத இடங்களுக்குச் சிறு விமானத்தில் பறப்பது) கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது, தமிழில் இதைப் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறார்களே என்று. இரண்டாம் தடவை எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் போகும். இடம் இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எண்ணெய் டிரம் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கட்டுரை சொன்னது இவ்வளவுதான்: உண்மையான புஷ் ஃப்ளையிங் ஜிபிஎஸ் வந்த அன்றைக்கே செத்துவிட்டது, அந்தக் காலத்து ஆட்கள் ஒரு வரைபடத்தையும் துணிச்சலையும் மட்டும் வைத்துக்கொண்டு பறந்தார்கள், இன்றைக்கு மிச்சம் இருப்பது அலாஸ்காவில் நடக்கும் குறுந்தூரத் தரையிறக்கப் போட்டிகளும், தலையணை மாதிரி டயர் மாட்டிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி வீடியோ போடுகிறவர்களும்தான். இதற்குப் பொருத்தமாக ஒரு படம் வேறு. படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெயர். 'புதர்ப் பறப்பு' என்று போட்டிருந்தீர்கள். அகராதியைப் பார்த்தால் புஷ் என்றால் புதர்தான், சரி. ஆனால் கனடாக்காரரோ அலாஸ்காக்காரரோ ஆஸ்திரேலியரோ 'புஷ்' என்று சொல்லும்போது ஒரு செடியைக்கூட நினைப்பதில்லை. சாலை எங்கே முடிகிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கிற எல்லாமே அவர்களுக்கு புஷ்: காடு, சதுப்பு, பனிவெளி, மரமே இல்லாத துந்திராகூட. இதற்கு நம்மிடம் ஒரு நல்ல சொல் சும்மா கிடக்கிறது, அத்துவானம். அத்துவானக் காடு என்கிறோமே, அதேதான். 'அத்துவானப் பறப்பு' என்று தலைப்பு வைத்திருந்தால் கட்டுரையின் பாதித் தப்பு எழுதும்போதே நின்றுபோயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டதுமே அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாமான் எப்படிப் போகிறது என்றுதான் கேட்கத் தோன்றும். டயர் எவ்வளவு பெரிசு என்று கேட்கத் தோன்றாது.

நான் பைலட் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வட ஒன்டாரியோவில் ஓர் ஏரிக்கரையில் மிதவை விமானங்கள் வந்துபோகும் சின்னத் தளம் ஒன்றில் ஆறு கோடைகாலம் வேலை பார்த்தவன். கயிறு பிடிப்பது, பெட்ரோல் அடிப்பது, சாமான் எடை போடுவது, ஏற்றுவது, இறக்குவது. காலையில் முதல் வேலை மிதவைக்குள் கசிந்திருக்கும் தண்ணீரைக் கைப்பம்பால் இறைப்பது. மிதவை ஒவ்வொன்றிலும் தனித்தனி அறைகள் இருக்கும், ஒவ்வோர் அறைக்கும் ஒரு துளை. ஒரே அறையில் தினமும் இரண்டு பம்பு கூடுதலாக வருகிறது என்றால் எங்கேயோ ஒரு ஆணி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதை மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் நான் ஏதாவது உருப்படியாகச் செய்தேன் என்றால் அந்தப் பம்பை எண்ணியதுதான்.

அந்த டாக்கில், அதாவது விமானத்தைக் கட்டி நிறுத்தும் படகுத்துறை மேடையில், நின்று பார்த்தவனுக்கு விமானம் இறங்குவதும் ஏறுவதும் பெரிய விஷயமாகத் தெரியாது. தெரிவதெல்லாம் சுமைதான். ஒரு நாள் ஏறிய சாமானை இப்போதும் வரிசையாகச் சொல்ல முடியும்: டயப்பர் எட்டுப் பெட்டி, ஜெனரேட்டருக்கு ஒரு கார்புரேட்டர், ஒட்டுப்பலகை ஆறு, ஒரு நாய், கணக்குப் பாடப் புத்தகங்கள், புரொப்பேன் சிலிண்டர். பலகை உள்ளே போகாது. மிதவையின் தாங்கு கம்பிகளோடு சேர்த்து வெளியில் கட்டுவோம், படகு இருந்தால் அதையும் அப்படித்தான். வெளியே கட்டிய சாமான் காற்றை எப்படிக் கிழிக்கும், வால் எப்படி நடுங்கும், எவ்வளவு தூரம் கூடுதலாக ஓடினால்தான் தண்ணீரை விட்டு எழும் என்பதெல்லாம் ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு. அலாஸ்காவில் சில வகைச் சிறு விமானங்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட உச்ச எடைக்கு மேல் 15 சதவீதம் வரை ஏற்ற அனுமதி தரும் விதி அமெரிக்க விமானச் சட்டத்திலேயே இருக்கிறது. வேறெந்த மாநிலத்துக்கும் அப்படிக் கிடையாது. இந்தத் தொழிலின் மையம் எது என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, உங்கள் கட்டுரையாளருக்குத்தான் தெரியவில்லை.

இப்போது டிரம். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் டி ஹேவிலண்ட் கனடா நிறுவனம் ஒரு புது விமானம் செய்ய நினைத்தது. பஞ்ச் டிக்கின்ஸ் என்று வடக்கில் பேர்போன பழைய புஷ் பைலட் ஒருவர் அந்த நிறுவனத்தில் விற்பனைப் பொறுப்பில் இருந்தார். வடக்கில் பறக்கிற ஆட்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். வந்த பதில்களில் வேகம் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. சீக்கிரம் எழும்ப வேண்டும், அப்புறம் 45 காலன் எண்ணெய் டிரம் ஒன்றை உருட்டி உள்ளே தள்ளுகிற அளவுக்குக் கதவு வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் வேண்டும், ஏனென்றால் டாக் எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. இன்னொன்று: பறந்துகொண்டிருக்கும்போதே காக்பிட்டுக்குள் இருந்தபடி இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி குழாய் வாய் வைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் பீவர். 450 குதிரைத்திறன் ரேடியல் இன்ஜின். 1967 வரை 1,600க்கும் மேல் செய்தார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த பீவர் என் வயதைவிடப் பெரியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு விமானத்தின் வடிவத்தையே எண்ணெய் டிரம் முடிவுசெய்திருக்கிறது. புஷ் ஃப்ளையிங் என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால் நான் அந்தக் கதவைத்தான் காட்டுவேன்.

போட்டிகளை நான் கேவலமாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அலாஸ்காவின் வால்டெஸில் நடக்கிறதே, அதைப் பார்த்தால் எனக்கும் வாய் பிளக்கும். ஒரு வெள்ளைக் கோடு, அதற்கு முன்னால் சக்கரம் பட்டால் அந்த முயற்சி செல்லாது, கோட்டைத் தாண்டி எத்தனை அடியில் நிற்கிறார்கள் என்று டேப்பை வைத்து அளக்கிறார்கள். எதிர்க்காற்று இருந்தால் சிலர் பத்துப் பதினைந்து அடியில் நின்றுவிடுகிறார்கள், ஒரு லாரியின் நீளம்கூட இல்லை. ஆனால் அந்த விமானத்தில் என்ன இருக்கிறது? ஒரு ஆள், கொஞ்சம் பெட்ரோல். சுற்றிலும் ஆம்புலன்ஸ், நடுவர், கைதட்டல். இறங்கும் இடத்தில் கல் இருக்கிறதா, சேறு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது ஒரு விளையாட்டு, அற்புதமான விளையாட்டு, புஷ் பைலட்டுக்குத் தேவையான பல திறமைகளில் ஒன்றை மட்டும் தனியே உருவி எடுத்து மெருகேற்றிய விளையாட்டு. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

ஆற்று மணல் வீடியோக்காரர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். அவர்கள் இறங்கும் இடத்தைத் தாங்களே பார்த்து முடிவுசெய்கிறார்கள், அது நிஜம். முதலில் ஒரு தடவை தாழ்வாகப் பறந்து பார்ப்பது, அடுத்த சுற்றில் சக்கரத்தை லேசாக மட்டும் உரசிப் பார்த்து மண் கெட்டியா இளக்கமா என்று தெரிந்துகொண்டு மறுபடி எழும்பிவிடுவது, இதெல்லாம் பழைய ஆட்களின் அதே வித்தைதான். பெரிய, காற்று குறைவான டயர்களும் அலங்காரத்துக்கு இல்லை, கல்லும் பள்ளமும் உள்ள இடத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டு விமானம் குப்புற விழாமல் காப்பது அவைதான். ஆனாலும் அங்கே போக வேண்டிய தேவை பைலட்டுக்கு மட்டுமே இருக்கிறது. மனசு சரியில்லை என்றால் அன்றைக்குப் போகாமல் இருக்கலாம், எவருக்கும் எதுவும் குறையாது.

இந்த இடத்தில் என் சொந்த அளவுகோலே கொஞ்சம் ஆடுகிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் இருந்த டாக்கில் ஏறியவர்களில் பாதிக்கு மேல் மீன்பிடிக்க வந்த வசதியான ஆட்கள். அவர்கள் கொடுத்த பணத்தில்தான் விமானத்துக்குப் பெட்ரோலே போட்டோம். பல ஊர்களுக்கு இப்போது சரளைக்கல் ஓடுதளம் வந்துவிட்டது, சக்கர விமானம் போகிறது, குளிர்காலத்தில் சில வாரங்களுக்கு உறைந்த ஏரிகள் மேல் பனிச்சாலை போட்டு லாரியும் போகிறது. அப்படியானால் மிதவை விமானத்துக்கு என்ன வேலை என்று கேட்டால், மீன்காரர்களைக் கொண்டுபோய் விட்ட பிறகு அதே பைலட் திரும்பும் வழியில் இன்னொரு ஏரியில் இறங்கி, வேட்டைப் பொறி வைத்துப் பிழைக்கும் ஒரு வயதான தம்பதிக்கு மருந்தும் கடிதமும் பேட்டரியும் கொடுத்துவிட்டு வருவார். முதல் இறக்கம் சுற்றுலா, இரண்டாம் இறக்கம் புஷ்ஷா? விமானம் அதே, ஆள் அதே, நாள்கூட அதே. கோடு எங்கே போடுவது என்று அப்போதே எங்களுக்குள் வாக்குவாதம் வரும்.

டெனாலி மலையைச் சுற்றிப் பறப்பவர்கள் கதையும் இதேதான். டால்கீட்னாவிலிருந்து ஸ்கீ மாட்டிய விமானத்தில் சுற்றுலாக்காரர்களைப் பனியாற்றில் இறக்குகிறார்கள், அரை மணி நேரம் படம் எடுத்துவிட்டு ஏறிக்கொள்கிறார்கள். அதே விமானங்கள்தான் சுமார் 7,200 அடியில் இருக்கும் காஹில்ட்னா பனியாற்று முகாமுக்கு மலையேறுபவர்களையும் சாமான்களையும் கொண்டுபோகின்றன, கால் ஒடிந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவருகின்றன. மலையேறுபவனும் அங்கே போய்த்தான் தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளிச்சம் மங்கிய நாளில் பனியும் மேகமும் ஒரே வெள்ளையாகிவிடும், தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அந்தக் காலத்து ஆட்கள் மரக்கிளைகளை முதலில் மேலிருந்து வீசிவிட்டு, அந்தக் கறுப்புப் புள்ளிகளை வைத்து உயரத்தை ஊகித்து இறங்குவார்கள். இன்றைக்கும் பைலட்டின் கண்ணுக்கு ஏதாவது ஒரு கறுப்பு வேண்டும். அதனால் இதை நான் புஷ் கணக்கில்தான் சேர்ப்பேன். ஆக என் அளவுகோல் இப்படி முடிகிறது: அந்தப் பக்கம் யாராவது காத்திருக்க வேண்டும், அல்லது இறங்கும் இடத்தைப் பைலட்டைத் தவிர வேறு யாரும் 'சரி' என்று சொல்லியிருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே இல்லை. ஒன்றுதான் இருக்கிறது என்றால் உட்கார்ந்து பேசலாம்.

ஸ்காட்லாந்தில் பாரா தீவு இருக்கிறது. அங்கே ட்வின் ஓட்டர் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது, அலை ஏறினால் ஓடுதளம் தண்ணீருக்குள் போய்விடும், அதனால் நேர அட்டவணையைக் கடல்தான் எழுதுகிறது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அங்கே தரையிலிருந்து ரேடியோவில் பேச ஆள் உண்டு, தீயணைப்பு வண்டி உண்டு, டிக்கெட் உண்டு, கப்பலும் உண்டு. புஷ் இல்லை என்பேன், பாரா மக்கள் கோபித்துக்கொண்டாலும். மாலத்தீவில் அறுபதுக்கும் மேற்பட்ட ட்வின் ஓட்டர் மிதவை விமானங்கள் வெறுங்கால் பைலட்டுகளோடு நாள் முழுக்கப் பறக்கின்றன. அலையைப் பார்த்து, காற்றைப் பார்த்து, நடுக்கடலில் ஒரு மிதக்கும் மேடையில் கொண்டுபோய் நிறுத்துவது சாதாரணக் கைவேலை இல்லை. பாதி மார்க் போடலாம்.

சரி, ஜிபிஎஸ். கட்டுரையில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்திய இடம் இதுதான். கருவி வந்ததால் தொழில் பொய்யாகிவிட்டது என்று ஒரு வாதம். ஜிபிஎஸ் என்ன சொல்லும்? நீ இந்த ஏரிக்கு மேல் இருக்கிறாய் என்று சொல்லும். ஏரிக்குள் பாதி மூழ்கி நட்டமாக நிற்கும் மரத்தடி எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அதில் மிதவை மோதினால் கதை முடிந்தது. காற்றே இல்லாத நாளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும், பார்க்க அதைவிட அழகு கிடையாது, இறங்க அதைவிட ஆபத்தும் கிடையாது, ஏனென்றால் தண்ணீர்ப் பரப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கரையை ஒட்டி வந்து, இன்ஜினைக் கொஞ்சம் கொடுத்து வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 150 அடி மாதிரி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் தானாக வந்து மிதவையைத் தொடும் வரை பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் தரை இங்கேதான் என்று நினைத்து முன்னாலேயே மூக்கைத் தூக்கியவர்களும் உண்டு, இன்னும் உயரம் இருக்கிறது என்று நினைத்து அப்படியே தண்ணீருக்குள் போனவர்களும் உண்டு. எந்தச் செயற்கைக்கோளும் இதை மாற்றவில்லை.

அதோடு, ஆபத்து அதிகமாக இருந்தால்தான் அசல் என்கிற எண்ணம் இருக்கிறதே, அதற்கு ஒரு பெயரே உண்டு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980இல் அலாஸ்காவின் வாடகைச் சிறுவிமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் வருகிற சொல் 'புஷ் சிண்ட்ரோம்'. புஷ் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாஸ்கா என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஆபத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதிலிருந்து, தேவையே இல்லாத ஆபத்தைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வது வரை எல்லாம் அந்த நோயின் அறிகுறி. நல்ல விஷயம் என்னவென்றால் வாரியம் பைலட்டை மட்டும் குற்றம் சொல்லவில்லை, விமானம் நடத்துகிறவர்களுக்கும் பயணிகளுக்கும்கூட இந்த நோய் உண்டு என்றது.

பயணிகள் விஷயத்தை நானே பார்த்திருக்கிறேன். ஓர் இலையுதிர்கால வாரம், மூடுபனி ஏரியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எங்கள் பெஞ்சில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார், பழங்குடிச் சமூகத்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து சொந்த முகாமுக்குத் திரும்ப வேண்டியவர், கூடவே மகன். இன்னொரு மூலையில், ஒரு வாரமாக ஓர் ஏரியில் மாட்டிக்கொண்டிருந்த தங்கள் நண்பர்களைக் கூட்டிவரச் சொல்லி மூன்று மீன்பிடிக்காரர்கள். பைலட் காலையிலிருந்து மூன்று தடவை விமானத்தைத் தண்ணீருக்குள் ஓட்டிப் போய், அக்கரை மரங்களின் உச்சி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்று தடவையும் நான்தான் கயிறு பிடித்தேன். மூன்றாவது தடவை மீன்பிடிக்காரர்களில் ஒருவர் கத்த ஆரம்பித்தார்: அடுத்த விமானம் போய்விடும், இவ்வளவு பணம் கொடுத்தோம், நீங்களெல்லாம் புஷ் பைலட் என்று சொன்னார்களே என்று. அந்த மூதாட்டி பையிலிருந்து ஊசியும் மணியும் எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி அந்த ஆளை ஒரு தடவை பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். இரண்டு இரவு அவர் அங்கேயே தங்கினார். மூன்றாம் நாள் போனார். மற்றவர்களைப் பற்றி எனக்கு நினைவில்லை.

கருவிக்கு வருவோம். அலாஸ்காவில் பெத்தல் சுற்றுவட்டாரத்தில் அமெரிக்க விமான நிர்வாகம் 'கேப்ஸ்டோன்' என்று ஒரு திட்டம் நடத்தியது. சிறு விமானங்களுக்கு நிலப்பரப்பைக் காட்டும் திரை, மற்ற விமானங்களைக் காட்டும் கருவி, எல்லாம் அரசு செலவில் மாட்டினார்கள். 2000 முதல் 2004 வரை, அவை மாட்டிய விமானங்களின் விபத்து விகிதம் 47 சதவீதம் குறைந்தது. கணவாய்களில் வானிலைக் கேமரா வைத்தார்கள், பைலட் கிளம்பும் முன்பே கணவாய் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று படத்தில் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் 2008 முதல் 2017 வரையிலான பத்து ஆண்டுகளில் அலாஸ்காவின் விபத்து விகிதம் அமெரிக்காவின் மற்றப் பகுதிகளைவிட 2.35 மடங்கு என்று அதே வாரியம் 2020இல் சொன்னது. ஆக, தொழில் நீர்த்துப்போய்விட்டது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். கேமராவைப் பார்த்துவிட்டு 'இன்றைக்குப் போகவில்லை' என்று சொல்லும் பைலட் பழைய ஆளைவிடக் குறைந்தவர் என்று நினைக்கிறவர்கள், பழைய ஆட்கள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அலாஸ்காவில் முதன்முதலாக 1924இல் விமானத்தில் தபால் கொண்டுபோன கார்ல் பென் ஐல்சன் 1929இல் சைபீரியக் கரையில் பனியில் சிக்கிய கப்பலுக்குப் போகும் வழியில் செத்துப்போனார். அவரிடம் ஒரு கேமரா படம் இருந்திருந்தால் வாங்கிப் பார்த்திருக்க மாட்டாரா என்ன?

பழைய ஆட்களைக் கதாநாயகர்களாக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. அவர்கள் செய்தது என்ன என்பதே மறந்துபோகிறது. 1929 ஜனவரியில் கனடா பைலட்டுகள் வாப் மேயும் விக் ஹார்னரும் திறந்த காக்பிட்டில் உட்கார்ந்து எட்மன்டனிலிருந்து வடக்கே ஃபோர்ட் வெர்மிலியனுக்கு டிஃப்தீரியா மருந்து கொண்டுபோனார்கள். எல்லோரும் குளிரைப் பற்றிப் பேசுகிறோம். விஷயம் மருந்து. அதற்கு முந்தின வருஷம், 1928 மே மாதம், ஆஸ்திரேலியாவில் குளோன்கரியிலிருந்து பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது, இன்றைக்கு அவர்கள் பிரஷர் கேபினும் டர்பைன் இன்ஜினும் உள்ள விமானங்களில் இரவில் மண் ஓடுதளங்களில் இறங்கி நோயாளியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். 2001 ஏப்ரலில் தென்துருவத்தில் நோயுற்ற ஒரு டாக்டரை, குளிர்காலம் தொடங்கி இருட்டிவிட்ட பிறகு, கனடாவிலிருந்து போன ஒரு ட்வின் ஓட்டர் கொண்டுவந்தது. அதில் ஜிபிஎஸ் இருந்தது. அதனால் அது புஷ் ஃப்ளையிங் இல்லை என்று உங்கள் கட்டுரையாளர் சொல்வாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

பப்புவா நியூ கினியை உங்கள் கட்டுரை தொடவே இல்லை, இதுதான் பெரிய ஓட்டை. 1930களின் ஆரம்பத்தில் லே நகரத்திலிருந்து புலோலோ பள்ளத்தாக்குக்குத் தங்கம் தோண்டும் ராட்சத இயந்திரங்களைத் துண்டு துண்டாக, ஜங்கர்ஸ் விமானங்களில் ஏற்றிப் போய் அங்கே பூட்டினார்கள். ஆயிரக்கணக்கான டன் இரும்பு, சாலை இல்லாத பள்ளத்தாக்குக்கு, மூன்று இன்ஜின் தகர விமானத்தில். விமான சரக்குப் போக்குவரத்து என்று இன்றைக்கு நாம் சொல்வதன் முன்னோடிகளில் அதுவும் ஒன்று. அப்புறம் இன்றைய நிலைமை: தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து லேவுக்கு இன்னும் சாலை கிடையாது. மலைக் கிராமங்களின் ஓடுதளங்கள் சரிவானவை, மேல்நோக்கித்தான் இறங்க முடியும், கீழ்நோக்கித்தான் கிளம்ப முடியும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சரி. எதிரே மலைச்சுவர். ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிவிட்டால் 'வேண்டாம், இன்னொரு சுற்று வருகிறேன்' என்பதற்கு இடமே இல்லை, இறங்கியே ஆக வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் விமானத்தைக் குறுக்காகத் திருப்பி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உருண்டு வந்துவிடும். அங்கிருந்து இறங்குவது காப்பிக் கொட்டை மூட்டை, பிரசவத்தில் சிக்கல் வந்த பெண், விடுமுறைக்குப் போகும் ஆசிரியர். ஒரு விமானி நோய் வந்து படுத்தால் அந்த வாரம் அந்தக் கிராமத்துக் காப்பி அங்கேயே கிடக்கும். ஆட்கள் வீடியோ போடுவதில்லை என்பதால் இது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

கடைசியாக ஒரு சந்தேகம், இதற்கு என்னிடம் முடிவான பதில் இல்லை. ருவாண்டாவில் 2016 முதல் ஆளில்லா சிறு விமானங்கள் மலைக்கிராம ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தம் கொண்டுபோகின்றன, கவண் மாதிரி ஒன்றிலிருந்து ஏவுகிறார்கள், போய்ச் சேர்ந்ததும் குட்டிப் பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ஆள் காத்திருக்கிறார், ஏறியிருப்பது உயிர்காக்கும் சாமான். இந்தப் பக்கம் ஆளே இல்லை. என் டாக்கில் இருந்த பைலட்டுகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 1956க்கு முன்னாலேயே ஈக்வடார் காட்டில் நேட் செய்ன்ட் என்ற பைலட், இறங்க இடமே இல்லாத இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நீளமான கயிற்றில் ஒரு வாளியை இறக்கி, அந்த வாளி நடுவில் ஆடாமல் நிற்க, கீழே நின்றவர்களோடு சாமான் மாற்றிக்கொண்டார். அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தால் சிரிப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

படத்துக்கு வருகிறேன் என்றேன். கட்டுரைக்கு மேலே பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்களே, மூக்கு வானத்தைப் பார்க்க, பெரிய டயரோடு எழும்புகிற மஞ்சள் விமானம், கீழே 'இன்றைய புஷ் பைலட்' என்று வாசகம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பின்சீட்டைக் காணோம். எடை குறைவதற்காகக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். சாமான் வைக்கும் இடத்தில் தரைப்பலகைகூட இல்லை. திருத்தம் போடுவதாக இருந்தால் அந்த வாசகத்தை மாற்றுங்கள், அப்படியே பீவர் முதன்முதலில் பறந்த ஆண்டையும் மாற்றிவிடுங்கள். கட்டுரையில் 1957 என்று இருக்கிறது. 1947, ஆகஸ்ட் 16.

இப்படிக்கு,
முன்பு டாக்கில் கயிறு பிடித்த ஒரு வாசகன்